அஸ்ட்ரிட் லிண்ட்கிரன்

அஸ்ட்ரிட் லிண்ட்கிரன் (நவம்பர் 14, 1907 – சனவரி 28, 2002) சுவீடன் நாட்டைச் சேர்ந்த குழந்தைகள் இலக்கிய எழுத்தாளர் ஆவார். இவர் படைத்த பிப்பி, எமில், கார்ல்சன், ரோன்யா முதலிய கதைமாந்தர்கள் உலகெங்கும் அறியப்பட்டவர்கள். இவருடைய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. எழுத்தாளராக மட்டுமன்றி, குழந்தைகளை அடிப்பதற்கு எதிராகவும் கால்நடைகளின் நலனுக்காகவும் குரல் கொடுத்தவராகவும் சுவீடனில் இவர் நினைவுகூரப்படுகிறார். பெரியவர்களின் துணையின்றித் தனித்து நிற்கும் குழந்தை இவருடைய கதைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. அதற்கான காரணங்களுள் ஒன்று இவருடைய இளமைக்கால நிகழ்வொன்றில் இருப்பதாகக் கருத இடமுண்டு.

பிறப்பும் இளமையும்

தெற்கு சுவீடனின் ஸ்மோலண்ட் மாகாணத்தில் விம்மர்பி என்னும் சிற்றூரை அடுத்த நேஸ் பண்ணையில் அஸ்ட்ரிட் பிறந்தார். இயற்பெயர் அஸ்ட்ரிட் அன்னா எமிலியா எரிக்சன். தந்தை சாமுவேல் ஆகஸ்ட் எரிக்சன், தாய் ஹன்னா. நேஸ் நிலம் தேவாலயத்துக்குச் சொந்தமானது. எரிக்சன் குடும்பத்தினர் அதனைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வந்தனர். அண்ணன் குன்னர், தங்கைகள் ஸ்டீனா, இங்கெயெர்ட் ஆகியோருடன் நால்வராக இவர்கள் வளர்ந்தனர். பிள்ளைகள் வயலில் கிழங்குச் செடிகளைக் கலைப்பது, களை பறிப்பது முதலிய வேலைகளைச் செய்தாக வேண்டும். வேலை முடிந்தபின் அவர்கள் விளையாட்டில் யாரும் தலையிடுவதில்லை. பாதுகாப்பும் சுதந்திரமும் ஒருங்கே கிடைத்ததே தம் குழந்தைப் பருவத்தை மகிழ்ச்சியானதாக ஆக்கியது எனப் பிற்காலத்தில் அவர் பலமுறை கூறியுள்ளார்.

அஸ்ட்ரிட் முதன்முதலில் கதை கேட்டது பண்ணையின் மாட்டுத் தொழுவத்தைக் கவனித்து வந்தவரின் வீட்டுச் சமையலறையில் ஆகும். அவ்வீட்டுச் சிறுமி ஏடித், பூதமும் தேவதையும் வரும் கதையொன்றை உரக்க வாசித்துக் காட்டினாள். அப்போது அஸ்ட்ரிடுக்கு எழுத்துகள் தெரியாது. அந்த ஏழைச் சமையலறையில் கேட்ட கதையே தமக்குள் வாசிப்புப் பசியை மூட்டியது என அவர் எழுதியுள்ளார்.

பள்ளியில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று 1921 இல், 13 ஆம் வயதில், உள்ளூர்ச் செய்தித்தாளான விம்மர்பி டிட்னிங்கில் வெளியானது. உடன் பயின்றோர் அவரை 'விம்மர்பியின் செல்மா லாகர்லோவ்' என்று கேலி செய்தனர். (செல்மா லாகர்லோவ் 1909 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற சுவீடிய எழுத்தாளர்.) இந்தக் கேலிக்கு அஞ்சியே, எழுத்தாளர் ஆவதில்லை என்று அவர் அப்போது முடிவு செய்தார். அம்முடிவு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

லார்சின் பிறப்பு

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அதே செய்தித்தாளில் பயிற்சிச் செய்தியாளராகச் சேர்ந்தார். 18 ஆம் வயதில் கருவுற்றார். குழந்தையின் தந்தை அந்தச் செய்தித்தாளின் ஆசிரியர். ஏறத்தாழ ஐம்பது வயதினர், மணமானவர், பல பிள்ளைகளுக்குத் தந்தை. அவர் மணம் புரிய முன்வந்தும் அஸ்ட்ரிட் மறுத்துவிட்டார். சிற்றூரில் எழுந்த பேச்சுகளிலிருந்து விலகித் தனியே ஸ்டாக்ஹோம் சென்று தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார்.

அக்காலச் சுவீடனில் மணமாகாத தாய்க்கு இருந்த வழிகள் மிகச் சில. ஏவா ஆண்டேன் என்னும் பெண் வழக்கறிஞர் அவருக்கு ஒரு வழி காட்டினார். டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் இருந்த அரச மருத்துவமனையில், தந்தையின் பெயரைப் பதிவு செய்யாமலேயே குழந்தை பெற இயலும். டிசம்பர் 4, 1926 அன்று அங்கே லார்ஸ் பிறந்தான். குழந்தையை அந்நகரிலேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டு அஸ்ட்ரிட் ஸ்டாக்ஹோம் திரும்ப நேர்ந்தது.

அடுத்து வந்த மூன்று ஆண்டுகளும் அலுவலக எழுத்தராக அவர் பெற்ற சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் கோப்பன்ஹேகன் செல்லும் தொடர்வண்டிச் சீட்டுக்கே சென்றது. ஓரிரு நாள் மகனுடன் இருந்துவிட்டு மீண்டும் வேலைக்குத் திரும்ப வேண்டும். வளர்ப்புத் தாய் நோயுற்றதால் 1930 தொடக்கத்தில் லார்சைத் தம்முடன் அழைத்து வந்தார். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்த மொழி டேனிய மொழி. அவனுக்கு 'அம்மா' என்பவர் கோப்பன்ஹேகனில் இருந்தவர். சில மாதங்களில் நேஸ் பண்ணையில் இருந்த பாட்டி தாத்தாவிடம் அவன் அனுப்பப்பட்டான். 1931 இல் அரச வாகனக் கழகத்தில் தம் மேலதிகாரியாக இருந்த ஸ்டூர லிண்ட்கிரனை அஸ்ட்ரிட் மணந்த பின்னரே லார்ஸ் நிலையாகத் தாயுடன் சேர்ந்தான். 1934 இல் மகள் கரின் பிறந்தாள்.

இச்செய்தி நீண்டகாலம் பொதுமக்களுக்குத் தெரியாதிருந்தது. 1977 இல் மார்கரெட்டா ஸ்ட்ரோம்ஸ்டெட் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலில் இது வெளிப்பட்டது. 2018 இல் வெளிவந்த 'இளம் அஸ்ட்ரிட்' என்னும் திரைப்படம் இந்த ஆண்டுகளையே கதைக்களமாகக் கொண்டது. இந்நிகழ்வு நேராத நிலையிலும் தாம் எழுத்தாளர் ஆகியிருக்கக்கூடும், ஆனால் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆகியிருக்க மாட்டோம் என்னும் கருத்தை அவரே தெரிவித்துள்ளார்.

போர்க்கால நாட்குறிப்பு

செப்டம்பர் 1, 1939 அன்று இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அஸ்ட்ரிட் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். செய்தித்தாள் துணுக்குகளை வெட்டி ஒட்டி, அவற்றின் அருகில் தம் எண்ணங்களை எழுதினார். 1940 முதல் அஞ்சல் தணிக்கைத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குச் செல்லும் கடிதங்களையும் அங்கிருந்து வருபவற்றையும் பிரித்துப் படிப்பது அவரது பணி. இது இரகசியமாக வைத்திருக்க வேண்டிய பணி. சுவீடன் போரில் நடுநிலை வகித்த நாடாயினும், அண்டை நாடுகளில் நடந்த கொடுமைகளை இக்கடிதங்கள் வாயிலாக அவர் பிறருக்கு முன்னரே அறிந்தார். பதினேழு ஏடுகளாக விரிந்த இந்த நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் 2015 இல் நூலாக வெளியிடப்பட்டது. உலகின் மிக வலிமையான சிறுமி, அந்த வலிமையைக் கொண்டு யாரையும் துன்புறுத்தாதவள், இந்த நாட்குறிப்பு எழுதப்பட்ட அதே வீட்டில் அதே ஆண்டுகளில் உருவானவள் என்பது கவனிக்கத்தக்கது.

பிப்பி

1941 குளிர்காலத்தில் ஏழு வயதுக் கரின் நுரையீரல் அழற்சியால் படுத்திருந்தாள். ஒவ்வொரு இரவும் கதை கேட்டாள். ஒருநாள் 'பிப்பி லாங்ஸ்ட்ரும்ப்' கதையைச் சொல்லும்படி கேட்டாள். 'லாங்ஸ்ட்ரும்ப்' என்றால் நீளக் காலுறை. அப்பெயர் அந்தக் கணத்தில் கரின் தானாகப் புனைந்தது. பெயர் விசித்திரமாக இருந்ததால் சிறுமியையும் விசித்திரமானவளாகப் படைக்க வேண்டியதாயிற்று என்பார் அஸ்ட்ரிட். ஒன்பது வயதுப் பிப்பி பெற்றோரின்றித் தனி வீட்டில் வாழ்கிறாள். திண்ணையில் நிற்கும் குதிரையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறாள். தோளில் குரங்கு, பெட்டி நிறையத் தங்க நாணயங்கள். யாருக்கும் அஞ்சுவதில்லை; பள்ளிக்கும் போவதில்லை. கரினும் அவளுடைய தோழர்களும் இக்கதைகளை ஆண்டுக்கணக்கில் கேட்டனர். எழுதி வைக்கும் எண்ணம் யாருக்கும் எழவில்லை.

மார்ச் 1944 இல் பனியில் வழுக்கி விழுந்து அஸ்ட்ரிடின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. படுக்கையில் கிடந்த நாட்களில் அக்கதைகளைச் சுருக்கெழுத்தில் எழுதினார். பின்னர் தட்டச்சு செய்து, மே 21, 1944 அன்று கரினின் பத்தாவது பிறந்தநாள் பரிசாக அளித்தார். மற்றொரு படியைப் புகழ்பெற்ற போன்னியர் பதிப்பகத்துக்கு அனுப்பினார். இதைப் படித்துவிட்டுக் குழந்தைகள் நலக் குழுவிடம் தம்மைப் பற்றிப் புகார் செய்துவிட மாட்டீர்கள் என நம்புவதாக உடன் வைத்த கடிதத்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். பதிப்பகம் கையெழுத்துப் படியை ஏற்க மறுத்தது.

அதே ஆண்டில் ராபேன் & ஷோக்ரன் என்னும் சிறிய பதிப்பகம் நடத்திய சிறுமியர் கதைப் போட்டிக்கு வேறொரு நூலை அனுப்பி இரண்டாம் பரிசு பெற்றார். 1945 இல் அதே பதிப்பகத்தின் அடுத்த போட்டியில், திருத்தி எழுதப்பட்ட பிப்பி முதல் பரிசு பெற்றது. இங்ரிட் வாங் நீமன் வரைந்த ஓவியங்களுடன் அவ்வாண்டு இறுதியில் நூல் வெளியானது. முதலில் நிராகரிக்கப்பட்ட வடிவம் 2007 இல், எழுத்தாளரின் நூற்றாண்டை ஒட்டி, தனி நூலாக அச்சிடப்பட்டது. அது அச்சான வடிவத்தை விடக் கரடுமுரடானது, துடுக்கு மிகுந்தது.

தொடக்கத்தில் திறனாய்வாளர் பலர் நூலைப் பாராட்டினர். ஆனால் ஆகஸ்ட் 1946 இல் பேராசிரியர் யோன் லாண்ட்குவிஸ்ட் ஆஃப்டன்பிளாடெட் நாளிதழில் இதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நூல் சுவையற்றது, பிப்பியின் செயல்கள் மனம் பிறழ்ந்த குழந்தையின் செயல்கள் என்பன அவர் வாதங்கள். தொடர்ந்து ஆசிரியர்களும் பெற்றோரும் செய்தித்தாள்களில் விவாதித்தனர். கீழ்ப்படிதலே குழந்தையின் முதற்பண்பு எனக் கருதப்பட்ட காலத்தில் இந்த எதிர்ப்பு எதிர்பாராதது அன்று. விவாதம் நூலின் விற்பனையைப் பாதிக்கவில்லை.

எழுதும் முறை

1946 முதல் 1970 வரை அஸ்ட்ரிட் ராபேன் & ஷோக்ரன் பதிப்பகத்தில் குழந்தை நூல்களின் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். காலையில் வீட்டில், பெரும்பாலும் படுக்கையிலேயே, சொந்தப் படைப்புகளை எழுதுவார். பிற்பகலில் அலுவலகம் சென்று மற்றவர்களின் கையெழுத்துப் படிகளைப் படிப்பார். 1952 இல் கணவர் இறந்த பின்னும் இந்த வழக்கம் மாறவில்லை. ஸ்டாக்ஹோமில் தாலாகாத்தன் வீதி 46 ஆம் எண் வீட்டில் 1941 முதல் இறுதிவரை வாழ்ந்தார்.

முதல் வரைவு எப்போதும் சுருக்கெழுத்தில்தான். சொற்றொடரின் ஓசை சரியாகும்வரை அதே பக்கத்தைப் பலமுறை எழுதுவார். பிழைப்புக்காகக் கற்ற தொழில் எழுத்துக் கருவியாக மாறியது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. சுவீடிய தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் இவருடைய 670 சுருக்கெழுத்து ஏடுகளை எளிதில் யாராலும் படிக்க இயலவில்லை. சுருக்கெழுத்து அறிந்தோர் அருகிவிட்டனர். ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட சுருக்கங்களும் உண்டு. 2020 இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் ஒன்று கணினிவழிக் கையெழுத்தறிதலையும், முன்னாள் சுருக்கெழுத்தாளர்களான தன்னார்வலர்களின் உழைப்பையும் இணைத்து இவற்றைப் படிக்க முயன்றது. இயந்திரத்தைக் காட்டிலும் மனிதர்களின் பங்கே இதில் பெரிது. இவருடைய ஆவணத் தொகுப்பு 2005 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கதைகளின் ஊற்றுக்கண்கள்

எங்கிருந்து கதை கிடைக்கிறது என்னும் கேள்விக்கு அஸ்ட்ரிட் பெரும்பாலும் ஏதேனும் ஓர் இடத்தையோ காட்சியையோ சுட்டியே விடையளித்தார். பிப்பியின் தோட்டத்தில் எலுமிச்சைப் பானம் காய்க்கும் உட்குழிவான மரம், நேஸ் பண்ணையில் ஆந்தை கூடு கட்டியிருந்த பழைய எல்ம் மரமே. அண்ணன் குன்னர் ஒருமுறை அந்தக் கூட்டில் கோழி முட்டையை வைத்து ஆந்தையை அடைகாக்க வைத்தான், குஞ்சும் பொரித்தது. இச்செய்தியும் வேறொரு கதையில் இடம்பெற்றது. மூன்று வீடுகள் வரிசையாக நிற்கும் 'புல்லர்பின்' (இரைச்சலூர் எனலாம்) தந்தை வளர்ந்த சேவெட்ஸ்டோர்ப் என்னும் குக்கிராமத்தின் நிழல்.

எமில் பிறந்தது ஓர் அழுகையை நிறுத்துவதற்காக. 1962 கோடையில் சிறு வயதுப் பேரன் ஓயாது கத்திக்கொண்டிருந்தான். லென்னெபெர்யா ஊரின் எமில் ஒருமுறை என்ன செய்தான் தெரியுமா என்று பாட்டி உரக்கக் கேட்டார். பெயர் அந்த நொடியில் வாய்க்கு வந்தது. குழந்தை விடை கேட்க அமைதியானது. பிறகு அந்த விடையைத் தேட வேண்டியதாயிற்று. தந்தை சாமுவேல் ஆகஸ்ட் தம் இளமைக்காலம் பற்றிச் சொல்லிவந்த செய்திகள் கைகொடுத்தன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சந்தையில் மாட்டின் விலை என்ன, பண்ணையாள் என்ன உண்டான் என்னும் நுணுக்கங்கள் எமில் கதைகளில் பிழையின்றி வருவது இதனாலேயே. முதல் எமில் நூல் 1963 இல் வெளிவந்தது.

'மீயோ, என் மீயோ' (1954) வேறு வகையானது. ஸ்டாக்ஹோமின் டெங்னேர்லுண்டன் பூங்காவில் மாலை நேரத்தில் ஒரு சிறுவன் இருக்கையில் தனியே அமர்ந்திருந்ததை அஸ்ட்ரிட் கண்டார். அக்காட்சி கதையின் முதல் பகுதி ஆனது. கதைச் சிறுவன் தன்னை விரும்பாத வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்பவன். தன்னைத் தேடிக்கொண்டிருந்த தந்தையை வேறோர் உலகில் கண்டடைகிறான். 'ராஸ்முஸ்' (1956) கதையில் அனாதை இல்லத்திலிருந்து ஓடிப்போகும் சிறுவன் தன்னை ஏற்கும் பெற்றோரைத் தேடி அலைகிறான். வேறொருவர் வீட்டில் மூன்றாண்டுகள் வளர்ந்த லார்சை அறிந்தவர்கள் இவ்விரு நூல்களையும் வெறும் கற்பனையாக வாசிப்பது கடினம்.

'சிங்க இதயச் சகோதரர்கள்' (1973) நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் உள்ளன. வார்ம்லண்ட் மாகாணத்தில் ஃப்ரீக்கன் ஏரிக்கரையில் குளிர்காலத்துத் தொடர்வண்டிப் பயணத்தில் கண்ட இளஞ்சிவப்பு விடியல் ஒன்று. விம்மர்பி இடுகாட்டில், 1860 இல் இறந்த இரு சிறு சகோதரர்களின் பெயர் பொறித்த சிலுவை மற்றொன்று. எமில் திரைப்படத்துக்கு நடிகரைத் தேர்வு செய்த நாளில், களைத்துப்போன சிறுவன் தன் அண்ணன் மடியில் ஏறி அமர்ந்த காட்சி இன்னொன்று. நோயால் இறக்கும் தருவாயிலுள்ள தம்பியும் அவனுக்கு முன்னரே இறந்துவிடும் அண்ணனும் மறுவுலகில் சந்திப்பதே கதை. குழந்தைகளுக்கு மரணத்தைப் பற்றி எழுதலாமா, அதுவும் இறுதியில் சிறுவர்கள் இரண்டாம் முறை மரணத்தை நோக்கிக் குதிப்பதாக எழுதலாமா எனக் கடும் விமர்சனம் எழுந்தது. ஆனால் குழந்தைகளிடமிருந்து நன்றி தெரிவித்தும், அடுத்து என்ன நடந்தது எனக் கேட்டும் எண்ணற்ற கடிதங்கள் வந்தன. நூலைப் பெரியவர்கள் துயர முடிவாகவும் சிறுவர்கள் மகிழ்ச்சியான முடிவாகவும் வாசிக்கின்றனர் என்பது அவர் கண்ட வேறுபாடு.

இறுதிப் பெரும் படைப்பான 'கொள்ளையன் மகள் ரோன்யா' 1981 இல், அவருடைய எழுபதுகளில் வெளிவந்தது.

பொதுவாழ்வு

1976 இல் வரி அறிவிப்பு ஒன்று அஸ்ட்ரிடை அரசியல் விவாதத்துக்குள் இழுத்தது. அக்காலச் சுவீடிய விதிப்படி, சொந்தத் தொழில் செய்பவர் வருமான வரியுடன், ஊழியருக்காக முதலாளி செலுத்தும் சமூகக் காப்பீட்டுக் கட்டணத்தையும் தாமே செலுத்த வேண்டும். உயர் வருவாயில் இவ்விரண்டும் சேர்ந்து, கூடுதலாக ஈட்டும் தொகையில் 102 விழுக்காடு ஆயின. அதாவது, ஒவ்வொரு கூடுதல் நூறு குரோனருக்கும் 102 குரோனர் செலுத்த வேண்டும். மார்ச் 10, 1976 அன்று எக்ஸ்பிரஸ்ஸன் நாளிதழில் இதனைப் 'பொம்பெரிபோசா' என்னும் கற்பனை எழுத்தாளரின் தேவதைக் கதையாக எழுதினார். நிதியமைச்சர் குன்னர் ஸ்ட்ரெங் நாடாளுமன்றத்தில், அவருக்குக் கதை எழுதத் தெரிகிறது, கணக்குத் தெரியவில்லை என்ற பொருள்படப் பேசினார். கணக்கு சரியானதே எனத் தெரிய வந்தது. அமைச்சருக்குக் கதை சொல்ல நன்கு தெரிவதால் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்று அஸ்ட்ரிட் பதிலளித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சியிலிருந்த சமூக சனநாயகக் கட்சி தோற்றது. தோல்விக்கு வேறு பல காரணங்களும் உண்டு. அஸ்ட்ரிட் அக்கட்சியின் ஆதரவாளராகவே இறுதிவரை இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1978 இல் செருமானிய நூல் வணிகர்களின் அமைதிப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. உரையின் படியை முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள், உரையாற்றாமல் பரிசை மட்டும் பெற்றுக்கொள்ளும்படி கேட்டனர். உரை இல்லையெனில் தாம் வரப்போவதில்லை என்றார். அவர்கள் இணங்கினர். பிராங்க்ஃபர்ட் நகரில் 'வன்முறை ஒருபோதும் வேண்டாம்' என்னும் தலைப்பில் ஆற்றிய அந்த உரை, போர்களின் தொடக்கத்தை வீட்டில் அடிபடும் குழந்தையிடம் தேடியது. ஒரு தாய் தன் மகனைத் தண்டிக்க, அவனையே ஒரு பிரம்பு எடுத்துவரச் சொல்கிறாள். அவன் அழுதுகொண்டே திரும்பி வந்து, பிரம்பு கிடைக்கவில்லை, என் மேல் எறிய இந்தக் கல் போதும் என்று நீட்டுகிறான். அம்மா தன்னைத் துன்புறுத்தவே விரும்புகிறாள் என்றால் கல்லும் ஒன்றுதான் என அவன் எண்ணியதை உணர்ந்த தாய், அக்கல்லைச் சமையலறையில் நினைவாக வைத்துக்கொள்கிறாள். ஒரு முதிய பெண்மணி தமக்குச் சொன்ன நிகழ்வாக இதனை அவர் கூறினார்.

சூலை 1, 1979 முதல் சுவீடன், பெற்றோர் உட்பட யாரும் குழந்தையை அடிப்பதைத் தடை செய்த முதல் நாடாயிற்று. இந்தச் சட்டத்தை அஸ்ட்ரிட் ஒருவரே கொண்டுவந்தார் என எழுதப்படுவதுண்டு. அது சரியன்று. அடிக்கும் உரிமை 1966 முதலே சட்டத்தில் இல்லை; வெளிப்படையான தடைக்கான பணிகளும் உரைக்கு முன்னரே நடந்து வந்தன. பொதுமக்களின் மனநிலையை ஆயத்தப்படுத்தியதில் அவருக்குப் பங்குண்டு என்பதே பொருத்தமாகும்.

1985 முதல் கால்நடை மருத்துவர் கிறிஸ்டினா ஃபொர்ஸ்லண்டுடன் இணைந்து, பெரும்பண்ணைகளில் மாடு, பன்றி, கோழி ஆகியவை நடத்தப்படும் விதம் குறித்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1988 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 'லெக்ஸ் லிண்ட்கிரன்' என அழைக்கப்பட்டது. தம் 80 ஆவது பிறந்தநாளுக்குப் பிரதமர் பரிசாக அறிவித்த அச்சட்டத்தில் உள்ளீடு போதாது என்று அவரே குறை கூறினார்.

விமர்சனங்கள்

பிப்பி கதைகளில் தென்கடல் தீவு மக்களைப் பற்றி வரும் பகுதிகள் குடியேற்றக்கால மனப்பான்மை கொண்டவை என விமர்சிக்கப்படுகின்றன. பிப்பியின் தந்தையைக் குறிக்கப் பயன்பட்ட இழிசொல் 2009 இல் செருமானியப் பதிப்பிலும் 2015 இல் சுவீடியப் பதிப்பிலும் 'தென்கடல் அரசன்' என மாற்றப்பட்டது. மூலத்தில் கை வைக்கலாகாது என வாதிட்டோரும் உளர்.

விருதுகளும் மறைவும்

1958 இல் 'ராஸ்முஸ்' நூலுக்காக ஆன்சு கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதும், 1994 இல் மாற்று நோபல் எனப்படும் சரியான வாழ்வாதார விருதும் பெற்றார். பலமுறை பேசப்பட்டும் இலக்கிய நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை. மகன் லார்ஸ் 1986 இல், தாய்க்கு முன்னரே இறந்தார். இறுதி ஆண்டுகளில் பார்வையும் செவித்திறனும் குன்றின.

சனவரி 28, 2002 அன்று தாலாகாத்தன் வீட்டில் 94 ஆம் வயதில் காலமானார். மார்ச் 8 அன்று ஸ்டாக்ஹோம் பெரிய தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடைபெற்றது. உடல் விம்மர்பியில் பெற்றோரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. சுவீடிய அரசு அதே ஆண்டில் அவர் பெயரில் 50 இலட்சம் குரோனர் மதிப்புள்ள குழந்தைகள் இலக்கிய விருதை நிறுவியது. 2015 முதல் சுவீடனின் 20 குரோனர் தாளில் அவருடைய உருவமும் பிப்பியின் உருவமும் அச்சிடப்பட்டு வருகின்றன.